அண்ணாச்சி சொன்ன சரி

எங்கள் சந்தில் அவர் வாயால் ‘சரி’ என்ற சொல்லை வாங்கியவன் நான் ஒருவன்தான். ரொம்பக் காலம் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அதிகம் பேசாதவன். பேசுகிற நேரங்களில் அந்தக் கதை எப்படியாவது வந்துவிடும். இப்போது அதை யாரிடமும் சொல்வதில்லை.

சாலைக் கடைத்தெருவிலிருந்து பழவங்காடிப் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் அவருடைய இரும்பு கடையும் பட்டறையும், அதை ஒட்டி வீடும் இருந்தன. அதற்கு அடுத்தது நான் வேலை பார்த்த கொட்டகை. முன்னால் பாத்திரக்கடை, பின்னால் மெருகு போடும் இடம். குத்துவிளக்கு, உருளி, கிண்டி, செம்பு என்று எது வந்தாலும் புளியும் செங்கல்பொடியும் போட்டுத் தேய்த்து, எமரித் தாள் பிடித்து, சக்கரத்தில் கொடுத்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்குவது என் வேலை. இரண்டு இடத்துக்கும் நடுவில் ஆள் உயரச் சுவர். அதற்கு மேலே ஓடுவரை ஒன்றும் கிடையாது. அங்கே பேசுவது இங்கே கேட்கும்.

அவருக்கு அப்போது ஐம்பது வயது இருக்கலாம். எனக்கு இருபத்தெட்டு. கல்குளம் பக்கத்து மனிதர். கொழும்பில் ஒரு பட்டறையில் இருபது வருஷம் இருந்துவிட்டு, வெள்ளைக்காரர்கள் அங்கிருந்து கிளம்பிய சமயத்தில் இவரும் கிளம்பி வந்தவர். சந்தில் ‘கொழும்பு மேஸ்திரி’ என்பார்கள். நான் அண்ணாச்சி என்பேன். வாய்விட்டுக் கூப்பிட்டது குறைவு.

அவர் எதையும் சரி என்று சொல்லமாட்டார். கோபத்தால் அல்ல, கர்வத்தாலும் அல்ல. அளந்து பார்க்காத ஒன்றைப் பற்றி அந்தச் சொல்லைச் சொல்ல அவருக்கு நாக்கு வராது. அளந்து பார்த்ததிலோ எப்போதும் ஏதாவது குறை இருக்கும். சந்து முனையில் சாயாக்கடை வைத்திருந்தவர் தினமும் கண்ணாடித் தம்ளரை நீட்டிக்கொண்டே, “மேஸ்திரீ, மதுரம் சரியல்லே?” என்று கேட்பார். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, “குடிக்கலாம்” என்பார். அவ்வளவுதான். நாவிதர் கண்ணாடியைக் காட்டினால் இரண்டு காதோரத்தையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவள், குழம்பு வைத்தால், உப்பு எத்தனை பங்கு கூட என்று சொல்வார். அக்கா ஒரு நாள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்னிடம், “தம்பி, தாலி கெட்டுன அன்னைக்கு ஐயரு ‘சரியா’ன்னு கேட்டாரு. இவரு அதுக்கும் சும்மா நின்னாரு. எனக்கு அப்பமே தெரிஞ்சிருக்கணும்” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

எனக்குப் பெண் பார்க்கச் சுசீந்திரத்துக்குப் போனபோது, என் அப்பா இல்லாததால், பெரியவர் என்று அவரையும் அழைத்துப் போனோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தாய்மாமன் அவரிடம், “பொண்ணு சரிதானே வே?” என்று கேட்டார். இவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “நான் அளக்கல்லியே” என்றார். பஸ்ஸே சிரித்தது. எனக்குத் தலை நிமிர முடியவில்லை. அவர் மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் எல்லோர் முகத்தையும் பார்த்தார். அந்தப் பெண்ணைத்தான் கட்டினேன். இன்றைக்கும் வீட்டில் சண்டை வந்தால் அவள், “என்னெ ஒருத்தரும் அளக்கல்லியே” என்பாள்.

அவரிடம் இருந்தது ஒரு சீமை லேத்து. அவரைவிட வயது மூத்தது. யுத்தம் முடிந்து பழைய சாமான்களை ஏலம் விட்டபோது துருப்பிடித்துக் கிடந்ததை எடுத்து வந்தார். கரண்ட் கிடையாது. தையல் மிஷினைப்போலக் காலால் மிதித்து ஓட்ட வேண்டும். அதன் மேல் தண்டவாளம் மாதிரி இரண்டு நீளமான இரும்புப் பட்டை. உளி பிடிக்கும் பாகம் அந்தப் பட்டைமேல் நகர்ந்து நகர்ந்துதான் இரும்பைக் கடையும். அந்தப் பட்டையை அவர் ‘பெட்டு’ என்பார். பெட்டு எவ்வளவு நேரோ, கடையும் சாமானும் அவ்வளவுதான் நேராக வரும்.

அந்த மிஷினை அவர் வாங்கினார் என்பதைவிடப் படித்தார் என்று சொல்லலாம். பெட்டில் எந்த இடம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று விரலால் தடவியே சொல்வார். “இதை வச்சிருந்தவன் சின்னச் சாமான்தான் கடைஞ்சிருக்கான். நீளமா ஒண்ணும் செஞ்சதில்ல. இந்தா, இடது ஓரத்துல மட்டும் பள்ளம் பாரு. அவனுக்கு வலது கால்ல ஏதோ கொறை. மிதி பலகை ஒரு பக்கமாத் தேஞ்சிருக்கு.” பார்த்தே இராத ஒரு மனிதனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரனைச் சொல்வதுபோல் சொல்வார். வெயில் ஏறினால் எதையும் அளக்கமாட்டார். “இப்பம் வேண்டாம். இரும்புக்குக் காய்ச்சல் அடிக்கி” என்பார். காலையில் மைக்ரோமீட்டரைத் துணி சுற்றித்தான் பிடிப்பார். கைச்சூடு பட்டால் அது பொய் சொல்லுமாம். தச்சர்கள் நூல் கணக்கில் பேசுவார்கள். இவர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் ஒன்றைத் ‘தௌ’ என்று சொல்லி, அந்தத் தௌவிலும் பாதி, கால் என்று பேசுவார். சந்தில் பாதிப் பேருக்கு அவர் கிறுக்கர்.

என்னுடைய மெருகுச் சக்கரம் ஒரு சமயம் ஆட்டம் கொடுத்தது. அச்சு வளைந்திருந்தது. விளக்கின் ஓரமெல்லாம் வெட்டிக்கொண்டு போனது. முதலாளி என்மேல் எரிந்து விழுந்தார். சுவருக்கு அந்தப் பக்கமே மேஸ்திரி இருந்தும் போய்க் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு நாள் காலையில் அவரே வந்து நின்றார். “ஒனக்க சக்கரம் நொண்டுதுலே. ஏழு நாளாக் கேக்கேன். ஒனக்குக் காது இல்லியா, வாய் இல்லியா?” அச்சைக் கழற்றி எடுத்துப்போய் மூன்று நாளில் புதிதாகக் கடைந்து கொண்டுவந்து மாட்டினார். சக்கரம் சுற்றுகிறதா நிற்கிறதா என்று தெரியாத அளவுக்கு ஓடியது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கால் விரலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“ஓடும்” என்றார். “ஆனா சரியில்ல. ஒரு ஓரத்துல அரைத் தௌ கொறையும். எனக்க பெட்டு அங்க தேஞ்சு கெடக்கு. பெட்டைத் தீத்தபொறகு வேற செஞ்சு தாரேன்.”

அந்த நன்றியை நான் சொல்லவே இல்லை. கையால் எதையாவது செய்து அதைத் தீர்த்துவிட வேண்டும் என்று மனசில் வைத்துக்கொண்டேன். அப்படி வைத்துக்கொண்டதுதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

பெட்டைத் தீர்ப்பது என்றால் தேய்ந்த பட்டையைத் திரும்ப நேராக்குவது. அதற்கு நேர் பார்க்க அவரிடம் ஒரு வார்ப்பிரும்புப் பலகை இருந்தது. ஒரு முழ நீளம், ஒரு சாண் அகலம். தூக்கினால் இடுப்பு பிடிக்கும். கொழும்பில் அவருக்கு மேலே இருந்த வெள்ளைக்கார ஃபோர்மன் கப்பலேறும்போது கொடுத்துவிட்டுப் போனது. கைப்பிள்ளையைக் கொண்டுவருவதுபோல் மடியில் வைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்தாராம். அதற்கென்று மூடி போட்ட மரப்பெட்டி. எண்ணெய்த் துணி சுற்றித்தான் உள்ளே வைப்பார்.

அந்தப் பலகையில் எண்ணெயில் குழைத்த நீலச் சாயத்தை மூச்சுக்காற்று கனத்துக்குப் பூசுவார். பெட்டின் மேல் வைத்து மெல்ல நகர்த்தி எடுப்பார். பெட்டில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அது மேடு. அந்த இடத்தை மட்டும் உளியால் சுரண்டுவார். திரும்ப நீலம். திரும்பச் சுரண்டல். இப்படி வாரத்துக்கு விரலகலம் நகரும். வயிற்றுப்பாட்டுக்குச் சைக்கிள் சாமான், கிணற்று ராட்டினத்துக்கு அச்சு என்று செய்வார். அது போக மிச்ச நேரமெல்லாம் இதுதான். ஐந்து வருஷம் நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சுரண்டும் சத்தத்தைக் கேட்டேன்.

பலகையைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது நான் சில தடவை எட்டிப் பார்த்திருக்கிறேன். அதன் முகம் முழுக்கச் சின்னச் சின்னப் பிறைகள், மீன்செதில்போல. மங்கலாக, ஒளி இல்லாமல். எனக்கு அவை கீறல்களாகத்தான் தெரிந்தன. இவ்வளவு அருமையான சாமானுக்கு மெருகு போட ஆள் இல்லாமல் போயிற்றே என்று நினைத்தேன். நான் மெருகு போடுகிறவன். வேறு எப்படிப் பார்ப்பேன்?

அந்த ஐந்தாம் வருஷம் ஒரு மலையாளி என்ஜினீயர் அவரைத் தேடி வந்தார். ஊருக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைப் பார்க்கிறவர். பம்பு அச்செல்லாம் மதராசுக்கு அனுப்பி அனுப்பி அலுத்துவிட்டது, இங்கேயே ஒரு ஆள் வேண்டும் என்றார். அண்ணாச்சி பெட்டைக் காட்டினார். இன்னும் ஒரு சாணில் கடைசிச் சுரண்டல்தான் பாக்கி, வேறு வேலை எடுக்காமல் உட்கார்ந்தால் பூஜை கழிந்து பத்து நாளில் முடியும் என்றார். என்ஜினீயர் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னது எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

“மேஸ்திரீ, ஐப்பசி கடைசியில நான் வரும். ஒரு சோத்யம்தான் கேக்கும். மிஷினு சரியா, இல்லியா? நீங்க சரின்னு சொன்னா எனக்கு வேற பரீட்சை வேண்டாம். அந்த வாக்கு நீங்க யாருக்கும் கொடுக்கறதில்லையாமே. சாயாக்கடையில சொன்னாங்க.”

அவர் போனபிறகு அக்கா சுவருக்கு மேலே எட்டி என்னிடம், “தம்பி, இது கெடச்சா ஜென்மத்துக்கும் வேலை. சைக்கிள் வீல் நிமிர்த்த வேண்டாம். இந்தச் சந்துல கிறுக்கன் பொண்டாட்டின்னு பேரும் வேண்டாம்” என்றாள். அவள் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை.

நவராத்திரி வந்தது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி விக்கிரகம் யானைமேல் கோட்டைக்கு வந்து சேர்ந்து சில நாள் ஆகியிருந்தது. அவருடைய தமக்கை கல்குளத்தில் வழுக்கி விழுந்து கால் முறிந்துவிட்டதென்று செய்தி வந்து, அவர் கிளம்பிப் போனார். எங்கள் பக்கத்தில் அஷ்டமி அந்திக்கு ஆயுதங்களையெல்லாம் பூஜைக்கு வைத்துவிட்டால் விஜயதசமிக் காலைவரை யாரும் தொடக் கூடாது. அதற்குள் வந்துவிடுவேன் என்றவர் வரவில்லை. அக்கா என்னைக் கூப்பிட்டு, “சாமானெல்லாம் ஒண்ணு தொடச்சு வச்சிரு தம்பி. அவரு இல்லாட்டாலும் பூஜை மொடங்கக் கூடாது” என்றாள்.

துடைத்து வைக்கத்தான் சொன்னாள். நான் இரண்டு நாள் உட்கார்ந்தேன்.

உளிகளைத் துடைத்தேன். மிஷினுக்கு எண்ணெய் போட்டேன். பிறகு மரப்பெட்டியைத் திறந்து பலகையை வெளியே எடுத்தேன். மண்ணெண்ணெய் போட்டு நீலத்தை எடுத்தேன். செங்கல்பொடியைச் சலித்து எண்ணெயில் குழைத்து, மரக்கட்டையில் எமரித் தாளைச் சுற்றி, தேய்க்க ஆரம்பித்தேன். வெண்கலம் மாதிரி இல்லை. இரும்பு எளிதில் இளகவில்லை. அந்தப் பிறைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. எங்கேயாவது ஒன்று மிஞ்சியிருந்தால் அதை விடாமல் தேய்த்தேன். என் விரல் நுனித் தோல் உரிந்தது. கடைசியில் சாம்பல் போட்டு, பஞ்சால் துடைத்து எடுத்தபோது, கூரை ஓடு அதில் தெரிந்தது. குனிந்தால் என் முகம் தெரிந்தது. என் வாழ்நாளில் அப்படி ஒரு மெருகு நான் போட்டதில்லை. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கண்ணாடியாட்டம் ஆக்கி வச்சிருக்கே” என்று கன்னத்தில் கை வைத்தாள். சரஸ்வதி படத்துக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் நடுவில் அதை வைத்து, பட்டுத் துணியால் மூடினோம்.

அவர் நவமியன்று வந்தார். துணிக்குள் இருப்பதை அவர் பார்க்க வழியில்லை. அன்று முழுக்க நல்ல பேச்சாக இருந்தார். தமக்கைக்குக் காலெலும்பு கூடிவிடும் என்றார். வேலை இல்லாததால் சாயாக்கடையில் போய் உட்கார்ந்தார். “பத்து நாளு. அதுக்கப்புறம் நீரு மதுரம் சரியான்னு கேட்டா ஒருவேளை பதில் சொன்னாலும் சொல்லுவேன்” என்று அவர் சொன்னதாகக் கடைக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்.

விஜயதசமிக் காலையில் நான் குளித்துப் புதுவேட்டி கட்டிக்கொண்டு போய் வாசற்படியில் நின்றேன். அவர் கற்பூரம் காட்டிவிட்டுத் துணியை எடுத்தார்.

பலகையைப் பார்த்தார். இரண்டு கையாலும் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்த்தார். நெடுநேரம் அப்படியே பிடித்திருந்தார். அவ்வளவு கனத்தை அவ்வளவு நேரம் தூக்கி நிற்க என்னால் முடியாது. பிறகு கீழே வைத்துக் கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவினார்.

“தம்பிதான் ரெண்டு நாளா இருந்து தேச்சான். சோறுகூட ஒழுங்காத் திங்கல்ல” என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்து, “எதை வச்சுலே தேச்சே?” என்று கேட்டார்.

“செங்கப்பொடி, எமரித் தாளு, பொறவு சாம்பலு அண்ணாச்சி.”

“முழுக்க?”

“ஒரு கீறல் விடல்ல அண்ணாச்சி.”

என் கையைக் கேட்டார். நீட்டினேன். தோல் உரிந்த விரல்களைத் தன் கையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. நான் யார் முகத்தையும் அதிகம் பார்ப்பவன் இல்லை.

“சரி” என்றார்.

நான் அங்கிருந்து எப்படி வந்தேன் என்று தெரியாது. சாயாக்கடையில் போய்ச் சொன்னேன். முதலாளியிடம் சொன்னேன். வீட்டில் சொன்னேன். அன்றைக்கு இரண்டு ஆமை விளக்குக்குச் சும்மாவே மெருகு போட்டேன்.

பத்து நாளும் அடுத்த பக்கத்திலிருந்து சுரண்டும் சத்தம் வரவில்லை. அவர் பெட்டுக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருப்பார். சில சமயம் பலகையைக் கொண்டுவந்து வைப்பார், எடுப்பார், துடைத்துத் திரும்பப் பெட்டிக்குள் வைப்பார். அக்கா, “பலகைதான் பளபளன்னு கெடக்கே, எடுத்து வேலையைப் பாருங்களேன்” என்பாள். “ம்” என்பார். அவளிடமும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சுவரைத் தாண்டி அந்த நிமிஷமே எனக்கு வந்திருக்கும்.

ஐப்பசியில் என்ஜினீயர் வந்தார். பெட்டைத் தடவிப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறது என்றார். அவர் கண்ணுக்கு அந்தக் கடைசிச் சாணும் மற்ற இடமும் ஒன்றுபோல்தான் தெரிந்திருக்கும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிறகு தான் சொன்னபடி அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். நான் சக்கரத்தை நிறுத்திவிட்டு இந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்து நின்றேன்.

“சொல்ல முடியாது சார்” என்றார் அண்ணாச்சி. “ஒரு சாணு பாக்கி. அளக்கப் பலகை இல்ல.”

“அன்னைக்குப் பார்த்தேனே, நல்ல பிளேட்டு?”

“அது கெட்டுப்போச்சு சார்.”

“எப்படி?”

“எனக்க கவனக் கொறைவு” என்றார்.

என்ஜினீயர் நல்லவர். “ஒரு சாணுதானே, ஒரு வாக்குச் சொல்லுங்க, பின்னே சரியாக்கிக்கலாம்” என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அக்கா உள்ளேயிருந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணாச்சி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். என்ஜினீயர் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு வரவில்லை.

எனக்கு அன்று அவர்மேல் கோபம் வந்தது. பலகை கண்ணாடியாக இருக்கும்போது கெட்டுப்போயிற்று என்று ஏன் சொல்ல வேண்டும்? மிஷினும் ஓடுகிறது. ஒரு சொல். எனக்குச் சொன்ன அதே சொல். அதை அவருக்கும் சொல்லித் தொலைத்தால் என்ன? அக்கா இரண்டு நாள் அடுப்பு மூட்டவில்லை. சந்தில் எல்லோரும் மேஸ்திரிக்கு முழுசாகக் கழன்றுவிட்டது என்றார்கள். நான் மறுத்துப் பேசவில்லை.

சில மாதம் கழித்து வார்ப்படக்காரனிடமிருந்து சொரசொரப்பான இரண்டு புதுப்பலகை வந்தது. அவற்றையும் பழைய பலகையையும் ஒன்றோடொன்று உரசி உரசி மூன்றையும் நேராக்கப் போகிறார் என்று அக்கா சொன்னாள். ஒரு பலகையை மட்டும் வைத்துக்கொண்டால் அது மெய்யா பொய்யா என்று கேட்க ஆள் இல்லையாம். இரண்டு இருந்தாலும் ஒன்றுக்கொன்று ஒத்துப் பொய் சொல்லுமாம். மூன்று வேண்டுமாம். ஒரு நாள் நான் எட்டிப் பார்த்தபோது, பழைய பலகையை முக்காலியில் வைத்து, நான் மெருகு போட்ட முகத்தின் ஒரு மூலையில் உளியை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தார். திரும்பவும் அந்தக் கீறல்கள். எனக்கு நெஞ்சில் சுரண்டியதுபோல் இருந்தது. அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். நான் இறங்கிவிட்டேன். அன்றும் மறுநாளும் அவர் பக்கம் திரும்பவில்லை. சாயாக்கடையில் எதிரே வந்தபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் அந்தப் பலகையை அவர் தொடவில்லை. பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டார். அதற்குப் பதிலாக மூன்றாவதாக ஒரு பலகைக்கு வார்ப்படக்காரனிடம் சொன்னார். அது ஒரு மழைக்காலம் முழுக்க வரவில்லை. வந்தபோது உள்ளே ஓட்டை. திருப்பி அனுப்பினார். அடுத்தது வர இன்னொரு மழைக்காலம். இரும்புத் தூளாலும் ஈரத்தாலும் அவருக்கு இருமல் ஆரம்பித்தது. உளியின் பிடியை மார்பில் முட்டுக்கொடுத்துத்தான் சுரண்ட வேண்டும். இருமி இருமி அவருக்கு அப்படி முட்டுக்கொடுக்க முடியாமல் போயிற்று. மூன்று பலகையும் சுவரோரம் நின்றன. கடைசி நாட்களில் சைக்கிள் வீல் நிமிர்த்தக்கூட வலு இல்லை. ஒரு தடவை சுவர்வரை வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, “ஒனக்கு வேற அச்சு செஞ்சு தாரேன்னு சொன்னேன்லே. செய்யல்ல” என்றார். நான், பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

நாஞ்சில் நாடு மதராசோடு சேர்வதற்குச் சில வாரம் முன்னால் அவர் காலமானார். அக்கா தன் தம்பி வீட்டுக்குக் கிளம்பினாள். லேத்தை எடுக்க வந்த பழைய இரும்புக்காரர்கள் அதை முழுசாகத் தூக்க முடியவில்லை என்று சம்மட்டியால் அடித்து உடைத்தார்கள். நாலைந்து அடி விழுந்ததும் பெட்டு உடைந்தது. ஐந்து வருஷத்து வேலை. நான் இந்தப் பக்கம் சக்கரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அக்கா மரப்பெட்டியை மட்டும் அவர்களிடம் கொடுக்கவில்லை. என் கொட்டகையில் கொண்டுவந்து வைக்கச் சொன்னாள். “இதை எடைக்குப் போடாண்டாம், அவனுக்குக் குடுத்திருன்னு சொன்னாரு தம்பி. நீ தேச்சது இல்லியா?” என்றாள்.

அந்தப் பலகையைக் கடை முகப்பில் கண்ணாடி அலமாரிக்குள் வைத்தேன். ஆயுதபூஜைக்குச் சந்தனம் வைப்பேன். வருகிறவர்களிடம், கொழும்பு மேஸ்திரியிடம் சரி வாங்கிய மெருகு இது என்று சொல்வேன். பத்துப் பன்னிரண்டு வருஷம் சொன்னேன்.

ஒரு நாள் கல்யாண விளக்கு வாங்கக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் வந்தார். மில்லில் ஃபிட்டராம். அலமாரியைப் பார்த்ததும் விளக்கை மறந்துவிட்டார். “இதை எடுங்க, பாக்கலாம்” என்றார். எடுத்து வைத்தேன். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவினார். எனக்கு அந்தத் தடவல் எங்கோ பார்த்ததுபோல் இருந்தது. சட்டைப் பையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து, அதன் விளிம்பு படும்படி பலகைமேல் நிறுத்தி, வாசல் வெளிச்சத்தில் பார்க்கச் சொன்னார். நடுவில் ஸ்கேல் பட்டிருந்தது. இரண்டு ஓரத்திலும் அடியில் மெல்லிய கோடாக வெளிச்சம் தெரிந்தது.

“யாருங்க இதைத் தேச்சுக் கொன்னது?” என்றார். “இது முகம் பாக்கற சாமானாங்க? நேரு பாக்கறதுங்க. அந்தச் செதிலு ஒவ்வொண்ணும் ஒருத்தன் உயிரைக் குடுத்துச் சுரண்டினதுங்க. அது போச்சுன்னா பலகை செத்துப்போச்சு.” பிறகு மூலையில் நாலு விரல் இடத்தைக் காட்டினார். “இங்க மட்டும் பாருங்க. யாரோ திரும்பச் சரிபண்ண ஆரம்பிச்சிருக்காங்க. நல்ல கை. எதுக்கோ பாதியில விட்டுட்டாங்க. ஏங்க விட்டாங்க?”

எனக்கு அது ஏன் என்று தெரிந்தது. அந்த ஒரு நிமிஷத்தில் எல்லாம் தெரிந்தது. சுவருக்கு மேலே எட்டிய என் முகம் எப்படி இருந்திருக்கும் என்றும் தெரிந்தது.

“நான்தான் தேச்சேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். என் கொட்டகையையும் சக்கரத்தையும் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டு கேட்டார்.

“வச்சிருந்த மேஸ்திரி உங்களை ஒண்ணுமே சொல்லலீங்களா?”

“சரின்னு சொன்னாரு” என்றேன்.